விழுந்தது வண்டிதான்

முதுமை வந்தால் அடங்கி இருக்க வேண்டும் என்று உலகத்தார் கூறும் அறிவுரையில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. அடங்க வேண்டியவை ஐம்புலன்கள் என்றுதான் நம் பாடல்கள் சொல்கின்றன. ஸ்கூட்டரைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்தது சற்று மிகைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். (சற்றுத்தான். அதற்குமேல் ஒப்புக்கொள்ள மாட்டேன்.) அப்போது எனக்கு அறுபத்துமூன்று வயது. அடியார்களின் எண்ணிக்கையை எட்டிவிட்ட செருக்கு இருந்தது, பக்குவம் வரவில்லை.

கொல்லிமலை அரசுப் பள்ளியொன்றில் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். வீடு அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில். பிரதோஷந்தோறும் கியர் இல்லாத ஸ்கூட்டரில் எழுபது கொண்டையூசி வளைவுகளையும் ஏறி, மலைமேல் இருக்கும் சிவன் கோயிலில் பதிகம் பாடிவிட்டு வருவேன். வழியிலும் வளைவுக்கொரு பாட்டு உண்டு. பின்னிருக்கையில் என் கணவர். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். எந்த வண்டியையும் ஓட்டக் கற்றுக்கொள்ளாதவர். முப்பது ஆண்டுகளாக என் பின்னால் அமர்ந்து அசையாமல், பேசாமல் வருகிறார். பாட்டில் கரைந்துவிடுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் மகன் செந்தில் சேலத்தில் பொறியாளன். மேடு பள்ளத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள்மீது தீராத காதல் கொண்டவன். வண்டி தயாரிக்கும் நிறுவனங்கள் ஆங்காங்கே கூடாரம் போட்டு, "வாருங்கள், ஓட்டிப் பாருங்கள்" என்று அழைத்தால் முதல் ஆளாகப் போய் நிற்பான். இதுவரை ஒரு வண்டியும் வாங்கியதில்லை. (வாங்காமலே ஓட்டுவதும் ஒரு நோன்புதான் போலும்.) மலைமேல் தேவனூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில் ஒரு விவசாயியின் நிலத்தில் அப்படியொரு கூட்டம் நடந்தபோது எங்களையும் காரில் அழைத்துச் சென்றான். அழைத்துச் சென்றதன் உள்நோக்கம் பாதி மலையில் வெளிப்பட்டது.

"அம்மா, இனிமே ஸ்கூட்டர் வேண்டாங்க. சாவிய எங்கிட்டக் குடுத்துருங்க. பிரதோசத்துக்கு பஸ்ல போயிக்கலாம்."

"பூசை முடிஞ்சு நான் வர்ற வரைக்கும் பஸ்ஸு நிக்குமா?"

"முட்டி வலின்னு நீங்கதான சொன்னீங்க? போன வாரம் லாரிய முந்திப் போனீங்களாமா. ஊரே போன் பண்ணிச் சொல்லுது."

"அந்த லாரி மெதுவாப் போச்சு, கண்ணு."

கூடாரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. தெய்வங்களின் வாகனங்களைக் கண்டு பழகிய கண்களுக்கு அவை புதிதல்ல. காளையின் திமில், குதிரையின் உயரம், மயிலின் பகட்டு எல்லாம் இருந்தன. வியந்து ஒன்றைத் தொட்டேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் ஓடி வந்தார்.

"மேடம், நீங்க அங்க நிழல்ல உக்காருங்க. கூட வந்த பெரியவங்களுக்கெல்லாம் மோர் வச்சிருக்கோம்."

அந்த மோர்தான் வினையாயிற்று. இவ்வளவு தொலைவு ஏறி வந்தது மோர் குடிக்கவா?

"எனக்கு ஒரு வண்டி குடுங்க" என்றேன். ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினேன். அதில் கியர் வண்டிக்கும் அனுமதி உண்டு. இளமையில் என் தந்தையாரின் பழைய மோட்டார் சைக்கிளில் எட்டுப் போட்டு வாங்கியது. அதன்பின் நாற்பது ஆண்டுகளாகக் கிளட்ச் என்ற ஒன்றை என் கை தொட்டதில்லை என்பதை உரிமம் காட்டவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை.

செந்தில் சிரித்தான். "ஓட்டுங்கம்மா. ஒரே ஒரு சுத்து. விழாம வந்துட்டீங்கன்னா ஆயுசுக்கும் சாவிப் பேச்சே எடுக்க மாட்டேன். விழுந்தா சாவி எனக்கு. சரிங்களா?"

"சரி."

கணவர் என் காதருகே வந்தார். "அவசரப்படாத. சாவி போச்சுன்னா உன்னோட சேர்ந்து நானுந்தான் நடக்கோணும்."

முதலில் ஒரு படிவம். 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற இடத்தில் எம்பெருமான் பெயரை எழுதினேன். பயிற்சியாளர் தயங்கினார். "மேடம், போன் நம்பர் பத்து இலக்கம் வேணும்."

"அஞ்செழுத்தே போதும், சாமி."

அவர் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டார். அடுத்து, காரில் கிடந்த என் கணவரின் மழைக்காலக் கால்சட்டையைச் சேலைக்குள் அணிந்தேன். அதன்மேல் முட்டிக்கும் முழங்கைக்கும் நெஞ்சுக்கும் காப்புகளைப் பூட்டினார்கள். நான் நாள்தோறும் ஓதும் கவசப் பாட்டு நாக்கு, மூக்கு, நகக்கண் வரை காக்கிறது; பல கோடி முதல் போட்ட நிறுவனத்தின் கவசமோ முட்டியோடு நின்றுவிட்டது. தலைக்கவசத்துக்குள் என் கொண்டை நுழைய மறுத்தது. கொண்டையைக் கலைத்தார்கள், நான் கலங்கவில்லை. இருவர் கைகொடுத்து என்னை இருக்கையில் ஏற்றினார்கள். கால் தரையைத் தொடவில்லை. (அதனாலென்ன? காளைமேல் வருபவருக்கு மட்டும் தொடுகிறதா?)

பத்து நிமிடப் பாடம் நடந்தது. "இடது கைதான் மேடம் உயிர். மேட்டுல கிளட்ச்சப் பாதி புடிச்சே போகணும். எது வந்தாலும் சட்டுனு விடக் கூடாது."

"விட மாட்டேன்" என்றேன். இறைவனிடம் சொல்லிப் பழகிய சொல்தான்.

முதற்பாதி நேர்த்தியாகவே சென்றது. செம்மண் மேடுகளில் ஏறி இறங்கினேன், கூழாங்கற்களின்மேல் குலுங்கினேன், தலைக்கவசத்துக்குள் பாடிய பாட்டு எனக்கே கோபுரத்துக்குள்ளிருந்து எழுவதுபோல் கேட்டது. பாதை கடைசி மேட்டில் திரும்பியது. ஒரு பக்கம் மரவள்ளிக் காடு. கீழே, சுற்று முடியும் இடத்தில், நிறுவனத்தின் பெரிய பேனர். திருப்பத்தில் கொடியோடு நின்றவர் நிலத்தின் சொந்தக்காரர் மாதேஸ்வரன். அவருக்குப் பின்னால் பலாமரத்தடியில் கருப்பனார்: ஒரு கல், ஒரு வேல், இரண்டு மணிகள்.

இங்கே என் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஸ்கூட்டரில் போகும்போது வழியில் எந்தத் தெய்வத்தைக் கண்டாலும் வலக்கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு இடக்கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். முப்பது ஆண்டு வழக்கம். ஸ்கூட்டரில் இடக்கைக்கு அதைவிடப் பெரிய வேலையில்லை.

கருப்பனாரைக் கண்டதும் இடக்கை தானாகவே எழுந்தது. உயிரான கிளட்ச் விடுபட்டது. கன்னம் கிடைக்காமல் தலைக்கவசத்தில் டக்கு டக்கென்று நான் தட்டிக்கொண்டிருந்தபோதே வண்டி முன்காலைத் தூக்கித் தாவியது. பயத்தில் வலக்கை ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்கியது. பாதையை விட்டு மரவள்ளிக் காட்டுக்குள் பாய்ந்தோம். இருபுறமும் குச்சிகள் ஒடிந்து பறந்தன. எதிரே படம் எடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்து ஆள் என்னைக் கண்டதும் ஓடினார். அடுத்த கணம் பேனரைக் கிழித்து உள்ளே புகுந்தேன். கம்பங்கள் சாய்ந்தன. வண்டி "தடால்" என்றது. பேனர் முழுவதும் என்மேல் கவிந்து, உலகம் இருண்டது.

எல்லோரும் ஓடி வந்து பேனரைத் தூக்கிப் பார்த்தபோது நான் இரண்டு கால்களிலும் நின்றுகொண்டிருந்தேன். இடக்கை இன்னும் கன்னத்தருகே இருந்தது. வண்டி என் காலடியில் கிடந்தது.

என் கைகால்களைத் தடவிப் பார்த்து, எதுவும் முறியவில்லை என்று தெரிந்துகொண்ட மறுநொடியே செந்தில் கையை நீட்டினான். "சாவிங்கம்மா."

"எதுக்கு? விழுந்தது வண்டிதான். நான் நிக்கறேன் பாரு."

"உள்ள விழுந்து எந்திரிச்சிருப்பீங்க!"

"நீ பாத்தியா?"

"முட்டியில செம்மண்ணு ஒட்டியிருக்குது!"

"இந்த மலையே செம்மண்ணுதான்."

விசாரணை தொடங்கியது. முதல் சாட்சி, படம் எடுத்தவர். அவருடைய கேமராவில் அவருடைய கால்கள் மட்டும் மிக வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. அடுத்து மாதேஸ்வரன், ஒடிந்த செடிகளின் கிழங்கை ஒரு பையில் சேகரித்தபடியே வந்தார்.

"வண்டி உழுந்தத நானு பாத்தனுங்க. டீச்சரம்மா உழுந்ததப் பாக்குலீங்க. பேனரு மூடிக்கிச்சுங்களே."

"உத்தேசமாச் சொல்லுங்கண்ணா" என்று செந்தில் கெஞ்சினான்.

"எங்க கருப்பனக் கும்புட்டவங்கள அவன் உழுக வுடுவானுங்களா, தம்பி?" என்றவர், பையை என்னிடம் நீட்டினார். "புடுங்குன கெழங்கு வீணாகக் கூடாதுங்க. வேக வச்சுச் சாப்புடுங்க."

எஞ்சியவர் ஒருவரே. தாலுகா அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு பொய்க் கையெழுத்தும் போடாதவர். பேனருக்கு நான்கடி தொலைவில் நின்றவர். பேனர் மூடுவதற்கு முன் கடைசி நொடியைக் காணக்கூடிய ஒரே இடம் அது.

"அப்பா, நீங்க சொல்லுங்க. அம்மா விழுந்தாங்களா, இல்லையா?"

கூடாரமே அவர் பக்கம் திரும்பியது. என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"நான் பாக்கலை, சாமி. கண்ண மூடிட்டு இருந்தேன்."

"அத்தன பக்கத்துல நின்னுட்டா?"

"உங்கம்மா வண்டி எடுத்தா நான் கண்ண மூடிக்குவேன். முப்பது வருசமா அதான் பழக்கம்."

முதலில் பயிற்சியாளர் சிரித்தார், பிறகு எல்லோரும். செந்தில் நீட்டிய கையாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் பாட்டில் கரைந்துபோனவர் என்று நான் போற்றிய மனிதர், வளைவுக்கு வளைவு உயிருக்குப் பயந்து கண்ணை மூடியிருந்திருக்கிறார்! அன்றிரவு கிழங்கில் அவருக்கு உப்புப் போடவில்லை.

சாட்சியில்லாத வழக்கு தள்ளுபடியாயிற்று. சாவி என்னிடமே நிலைத்தது. இன்றும் பிரதோஷந்தோறும் மலையேறுகிறேன். அவரும் கண்ணை மூடியபடி பின்னால் வருகிறார். எங்கள் வீட்டில் யார் தட்டைப் போட்டு உடைத்தாலும், "விழுந்தது தட்டுதான், நான் நிக்கறேன்" என்கிறார்கள். சென்ற தேர்வில் கணக்கில் தவறிய பேத்திகூட, "மார்க்குதான் அப்பத்தா விழுந்துச்சு, நானா விழுந்தேன்?" என்று கேட்டாள். என்னால் கண்டிக்க முடியவில்லை.

பேனருக்குள் உண்மையில் என்ன நடந்தது என்பது எனக்கும் இறைவனுக்கும் மட்டும் தெரியும். அடியாருக்காக அவர் நேரில் வந்து சாட்சி சொன்ன தலங்கள் உண்டு. நல்லவேளையாக அவை இந்த மலையில் இல்லை. பொய் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது. ஆகவே ஒவ்வொரு பொங்கலுக்கும் செந்தில் வந்து, "இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்கம்மா, விழுந்தீங்களா?" என்று கேட்கும்போது, கண்களை மூடி ஒரு பதிகத்தைத் தொடங்கிவிடுகிறேன். பதினொரு பாட்டும் முடியும்வரை காத்திருந்து விடை கேட்கும் பொறுமைசாலி எங்கள் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை.