மரியாதை பாயும் எங்கள் பழைய டிஸ்க்கும்

ஆம்பூர் முழுக்கத் தேடினாலும் கம்ப்யூட்டரிடம் 'வாங்க, போங்க' என்று பேசியவர் கம்ப்யூட்டர் மெக்கானிக் மரியாதை பாய் ஒருவர்தான். மனிதர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கலெக்டரே வந்து நின்றாலும் "இன்னாடா?"தான். அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்கும் தைரியமும் யாருக்கும் இருந்ததில்லை.

நான் அப்போது ஒரு ஷூ கம்பெனியில், பேட்டர்ன் செக்‌ஷனில் இருந்தேன். ஷூவுக்குத் தோலை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் வேலை. கம்ப்யூட்டருக்கோ வயதாகிவிட்டது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, கேன்டீனில் டீ குடித்து, தையல் லைன் வம்பு மொத்தத்தையும் கேட்டுவிட்டு வந்தாலும் அது 'வெல்கம்' என்றே நின்றுகொண்டிருக்கும். ஒரு திங்கட்கிழமை மூன்று தடவை தானாகவே அணைந்தது.

வியாழக்கிழமை வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்கும் பையர் வருகிறார். பழைய ஸ்கூல் ஷூ ஒன்றின் பேட்டர்னை அவர் கண் முன்னாலேயே மாற்றிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் ஆர்டர் போய்விடும். ஒரு தையல் லைன் முழுக்கப் பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றார் மேனேஜர். அதில் ஒரு சிக்கல். பேட்டர்ன் சாஃப்ட்வேர் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. மறுபடி ஏற்றுவதற்கான சிடி தொலைந்திருந்தது. விற்றவர்களும் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் பாயைக் கூப்பிட்டோம்.

வந்தவர் நேராகக் கம்ப்யூட்டர் கேபினட் முன்னால் குனிந்தார். "இன்னா ஆச்சு உங்களுக்கு?"

"ரெண்டு மாசமாவே ஸ்லோதான் பாய்" என்றார் மேனேஜர்.

"உன்ன கேட்டனாடா? சும்மா இரு."

திறந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "மதர்போர்டு காலி. ப்ராசஸரும் கிழம். ரெண்டையும் மாத்திடலாம், ரேமும் புதுசு. டிஸ்க்கு மட்டும் இவங்களேதான். இவங்க மேல கைய வெச்சீன்னா பேஜாராய்டும்."

புதன்கிழமை காலை புதுச் சாமான்களோடு வந்தார். முதல் வேலையாக டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் இணைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் காப்பி எடுக்க ஆரம்பித்தார். பக்கத்து அறையில் தோல் வெட்டும் மெஷின் 'தட், தட்' என்று இறங்கியது. பாய் எழுந்து போய் அதன் மெயினை அணைத்துவிட்டார்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னா பாய் இது, ஷிப்மென்ட் கீது!"

"மேச அதிருது. இவங்களுக்குத் தல சுத்திச்சுன்னா நீ வந்து பேட்டர்ன் வரையுவியா?"

அன்று கம்பெனி வரலாற்றிலேயே முதல் முறையாகப் பத்தரை மணிக்கு மதிய இடைவேளை விட்டார்கள்.

அடுத்தது மாற்றும் படலம். உடம்பில் இருக்கும் மின்சாரம் போர்டைக் கெடுத்துவிடுமாம். உள்ளே வருகிற அத்தனை பேரும் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மேனேஜரும் பயபக்தியோடு தொட்டார். பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சட்ட பாலியஸ்டரா? வெளிய நில்லு." சொந்த செக்‌ஷனுக்கு வெளியே, கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றார் மேனேஜர்.

சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது. நீலத் திரை வந்தது, அணைந்தது. மறுபடி நீலத் திரை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாத்துக்குமா அழுவற? புது போர்டு புது பாஷையில கூப்புடுது. இவங்களுக்குப் பழைய பாஷதான் தெரியும்." போர்டின் செட்டிங்கில் நுழைந்து, டிஸ்க்கோடு பேசும் முறையைப் பழையதற்கு மாற்றினார். ஒரே நிமிடத்தில் நான் வைத்திருந்த ரோஜாப்பூ படத்தோடு டெஸ்க்டாப் வந்து நின்றது. எல்லோரும் கை தட்டினோம்.

சாஃப்ட்வேரைத் திறந்தேன். 'இது வேறு கம்ப்யூட்டர், லைசென்ஸ் இல்லை' என்றது.

கை தட்டல் நின்றது. பாய் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார். திடீரென்று எழுந்தார். "பழைய போர்டுல ஓரமா தனியா ஒரு நெட்வொர்க் கார்டு இருந்துச்சே! லைசென்ஸு அந்தக் கார்டு நம்பரத்தான் தேடுது. போர்டு எங்க?"

கதவுக்கு வெளியிலிருந்து மேனேஜரின் குரல் மெலிதாக வந்தது. "நீங்க வெளிய வெச்சது பழசுதானேன்னு... தோல் குப்ப மூட்டையில போட்டுட்டேன் பாய்."

குப்பை லாரி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அறுபதைத் தாண்டிய பாய், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பின்னால் நான், எனக்கு முன்னால் மேனேஜர். லாரியை நிறுத்தி மேலே ஏறியவரும் மேனேஜர்தான். ஏழாவது மூட்டையில் தலைகீழாக நுழைந்து, "இருக்கு பாய்!" என்று போர்டைத் தூக்கிக் காட்டினார்.

"தொடாதடா! பாலியஸ்டர்!"

பாய் கார்டைக் கழற்றித் தோல் தூசியை ஊதி, "மன்னிச்சிக்கோங்க, பச்சப் புள்ள, தெரியாம பண்ணிட்டான்" என்றார். ஐம்பது வயது மேனேஜர் தலை குனிந்து நின்றார். புது போர்டில் கார்டைச் செருகியதும் சாஃப்ட்வேர் ஒன்றுமே நடக்காதது போலத் திறந்துகொண்டது. மறுநாள் ஷூவின் மூக்கை நான் மாற்றிக் காட்டினேன். ஆர்டர் வந்தது.

இப்போது பாய் பெங்களூரில் மகளோடு இருக்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் வரும். பேச்செல்லாம் அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான். போனைக் கேபினட் பக்கத்தில் வைக்கச் சொல்லி, ஃபேன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் ஓடுது" என்று திருப்தியாக வைத்துவிடுவார்.

போன வருஷம் கம்பெனியில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட்டார்கள். அவரிடம் நான் சொல்லவில்லை. அந்தப் பழையதைக் கேட்டு வாங்கி வந்து வீட்டு அலமாரிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. போனில் அவர் பெயரைப் பார்த்ததும் ஓடிப் போய் சுவிட்சைப் போடுவேன், அவ்வளவுதான்.