பந்தைப் பரண்மேல் வைத்தவர்

நடக்கப்போவதைச் சொல்லத் துணிகிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். நடந்து முடிந்ததை முன்கூட்டியே சொல்லிவிட்டதாகச் சொல்கிறவர்கள் எக்கச்சக்கம். இந்த இரண்டாவது இனத்துக்கு நான் ‘அன்னைக்கே சொன்னேன்’ ஆசாமிகள் என்று பெயர் வைத்திருக்கிறேன். கல்யாணம் நடந்தாலும், நின்றாலும், தண்ணீர்க் குழாய் வெடித்தாலும், மேலதிகாரிக்கு வேலை போனாலும், சோபாவில் சாய்ந்து கண்ணை லேசாக மூடிக்கொண்டு அந்த இரண்டே வார்த்தையைச் சொல்வார்கள். என்றைக்கு? யாரிடம்? கேட்டுப் பாருங்கள். “அதான், அன்னைக்கு” என்பார்கள்.

என் எதிர்வீட்டுப் பெரியப்பா இந்த இனத்தில் முதல் தரம். எனக்குப் பெரியப்பா அல்ல, அந்த வீட்டு மூத்த பெண்ணுக்கு. அவள் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்குகிறவள். பெண்கள் லீக்கில் டிஃபெண்டர். கார்னரிலிருந்து வரும் பந்தை எல்லோர் தலைக்கும் மேலே எழும்பி முட்டுவதில் பேர்போனவள். அவள் டீவியில் வர ஆரம்பித்ததிலிருந்து தெருவே இவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறது.

அவள் சின்னவளாக இருந்தபோது, “பொண்ணுக்கு எதுக்குடா பந்து? கால் உடைஞ்சா யார் பதில் சொல்றது?” என்று தம்பியிடம் கத்திவிட்டு, பந்தைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டவர் இவரேதான். அவள் எம்பி எம்பிக் குதிப்பாள், கதவுப் பிடியில் கால் வைத்து ஏறுவாள், விழுவாள், கடைசியில் எடுத்துவிடுவாள். மறுநாள் மறுபடியும் பந்து பரண்மேல் இருக்கும். வருடக்கணக்கில் இந்த ஆட்டம் நடந்தது.

சென்ற வருடம் அவளைப் பற்றி எழுத ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “எகிறிக் குதிக்கிற பழக்கம் வரட்டும்னுதான் சார் பந்தைப் பரண்ல வெச்சேன்” என்றார். வந்தவர் பக்தியோடு எழுதிக்கொண்டார். உள்ளே இருந்த அவள் அம்மாவுக்குப் புரையேறியது. பெரியப்பா பொய் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அதை மனமார நம்புகிறார். அதுதான் இந்த இனத்தின் சாமர்த்தியமே.

கிளப் அவளை எடுத்தபோது, “அன்னைக்கே சொன்னேன்.” முதல் ஆட்டத்திலேயே பதற்றத்தில் பந்தைத் தன் பக்கத்து வலைக்குள்ளேயே தட்டிவிட்டபோது, “அவளுக்கு அவசரம் ஜாஸ்தி, அன்னைக்கே சொன்னேன்.” முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, அப்போதும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே அதையே சொன்னார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால், உரித்த பழத்தில் ஒரு சுளைகூட அவர் வாயில் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் நான் பார்த்தேன்.

ஆபரேஷன் முடிந்து, நொண்டி, நடந்து, ஓடி, அவள் அணிக்குத் திரும்பியும் சீசன் முழுக்க பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருந்தது. அதோடு அவள் ஒப்பந்தமும் முடிகிறது. கோச் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: கடைசி ஆட்டத்தில் இறக்குகிறேன், அந்தக் கால் தாங்கும் என்று காட்டு, காட்டாவிட்டால் புதிய ஒப்பந்தம் கிடையாது.

ஆட்டத்தன்று நானும் எதிர்வீட்டில் ஆஜர். ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் உடை மாற்றும் அறையிலிருந்து அவள் போனில் கூப்பிட்டாள். அவள் தங்கை ஸ்பீக்கரில் போட்டாள்.

“பெரியப்பா, ஒரே ஒரு தடவை முன்னாடியே சொல்லுங்களேன். இன்னைக்கு என்ன ஆகும்?”

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதாவது... கிரவுண்ட் ஈரமா இருக்கா?”

“காஞ்சு கிடக்கு.”

“அந்த டீம் எப்படி, முரட்டுத்தனமா ஆடுமோ?”

“பெரியப்பா!”

“பார்த்து ஆடும்மா” என்றார் மெல்ல. எத்தனை பெரிய தீர்க்கதரிசனம்!

ஆட்டம் முடியப்போகும் நேரம், இரண்டு அணியும் சமம், அவள் அணிக்கு ஒரு பெனால்டி. வழக்கமாக அடிப்பவள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு வெளியே போயிருந்தாள். கேப்டன் பந்தை இவள் கையில் கொடுத்தாள். பெரியப்பா சட்டென்று எழுந்தார். “தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்.”

சமையலறைக் குழாய் முழு வேகத்தில் கொட்டும் சத்தம் கேட்டது. அவ்வளவு தண்ணீரை ஒரு யானைகூடக் குடிக்காது. மனிதர் காதை அடைத்துக்கொள்ளத்தான் குழாயைத் திறந்திருந்தார்.

அவள் அடித்தாள். கோல்கீப்பர் பாய்ந்து தட்டிவிட்டாள். எங்களுக்கு ஐயோ என்று சொல்லக்கூட நேரமில்லை, திரும்பி வந்த பந்தை ஆபரேஷன் செய்த அதே காலால் ஓங்கி வலைக்குள் அனுப்பிவிட்டாள். நாங்கள் கத்த வாயைத் திறப்பதற்குள் தங்கை டீவி சத்தத்தை அணைத்து, திரையை மறைத்து நின்று, விரலை உதட்டில் வைத்தாள். குழாய் நின்றது. ஈரக் கையோடு பெரியப்பா வாசற்படியில் நின்றார்.

“என்ன ஆச்சு?”

“நீங்களே சொல்லுங்க” என்றாள் தங்கை.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் உம்மென்று இருந்தன. அவள் அம்மா அழுதுகொண்டிருந்தார், ஆனால் அவர் எதற்கும் அழுகிறவர். பாவம், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

“போட்டிருப்பா” என்றார். “நான் எடுத்து வெக்க வெக்க எடுத்தாளே, விடுவாளா அவ? போட்டிருப்பா.”

வீடு அதிர்ந்தது. அவர் பொத்தென்று சோபாவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க மாட்டேன். ஆட்டம் முடிந்த கையோடு போன் வந்தது; தங்கை முந்திக்கொண்டு நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். “பெரியப்பா, கோச் ஒப்பந்தம் உண்டுன்னுட்டார்! நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்களாமே!” என்று அவள் கத்தினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அடக்கம் எவ்வளவு நேரம் தாங்கும்? “ஆனா பெரியப்பா, முதல்ல கீப்பர் தட்டிவிட்டுட்டா, தெரியுமா?” என்றாள் தங்கை.

“தட்டுவான்னுதான் அன்னைக்கே...” என்று அவர் ஆரம்பித்துவிட்டார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? ‘பெனால்டி என்றதுமே அவள் கோல் போட்டுவிடுவாள் என்று தெரிந்துபோயிற்று எனக்கு’ என்று இப்போது உங்களுக்குள்ளே ஒரு குரல் சொல்லவில்லையா? பரவாயில்லை. சோபாவில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, போய் உட்காருங்கள்.