பல்லவர் காலத்துக் கல்

எனக்கு வரலாறு தெரியாது. இதை ஒப்புக்கொள்ள முப்பது வயதும் ஒரு பெரிய அவமானமும் தேவைப்பட்டன. அதற்குமுன், கைப்பேசியில் வரும் கோயில் தகவல்களையெல்லாம் படித்துவிட்டு, ராஜகீழ்ப்பாக்கத்தின் வரலாற்று அறிஞராக என்னை நானே நியமித்துக்கொண்டிருந்தேன்.

நித்யாவைக் கல்யாணம் செய்துகொள்ள அவள் அப்பாவின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. கீழ்க்கட்டளையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பையன் நன்றாகப் பேசுகிறான், பேச்சு மட்டும்தானா என்று பார்க்கவேண்டும் என்றாராம். பார்க்கட்டுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் நண்பன் பிரபுவின் பாய்மரப் படகில் முட்டுக்காடு பக்கம் அழைத்துப்போனேன். ஆற்றங்கரையில் ஒரு பழைய ஊர் இருக்கிறது, நானே சுற்றிக்காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். (நான் அங்கே போனதே இல்லை.)

பாய் திரும்பும்போது பிரபு குனியச் சொன்னான். எல்லோரும் குனிந்தார்கள். நான் பல்லவர்களின் கடல் வணிகத்தில் மூழ்கியிருந்ததால் பாயின் கட்டை என் நெற்றியைப் பதம் பார்த்தது. அந்தப் புடைப்போடுதான் கரை இறங்கினேன்.

பத்தடி நடந்ததும் ஒரு வீட்டோரம் அது கிடந்தது. அகலமான கருங்கல். மஞ்சள், குங்குமம், வாடிய பூ, நறுக்கிய எலுமிச்சம்பழம். ஓரத்தில் உளியால் கொத்திய கோடுகள். எனக்குப் புல்லரித்தது.

"சார், பல்லவர் காலம். செருப்பைக் கழட்டிடுங்க" என்றேன்.

அவர் கழற்றினார். மூட்டுவலியோடு மூன்று முறை சுற்றிவந்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நித்யா கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் கல்வெட்டைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா கருவாடு காயவைத்திருந்தார். சாமிக்குப் பக்கத்தில் இப்படிச் செய்யலாமா, உங்கள் ஊரின் அருமை உங்களுக்கே தெரியவில்லையே என்று அவரிடம் இரைந்தேன். ஏதோ ஆபீசர் என்று நினைத்திருக்கவேண்டும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டார். முடித்த பிறகுதான் தயங்கிக்கொண்டே கேட்டார்.

"கோயிலு அந்தாண்ட கீது சார். இது எங்க கக்கூஸ் தொட்டி மூடி. இன்னாத்துக்குக் கும்புட்டீங்க?"

நித்யாவின் அப்பா சட்டையில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்தார்.

"கல்யாணம் கட்டி வந்ததுலேர்ந்து கேட்டுகினு கீறேன். இப்பத்தான் எங்க ஊட்டுக்காரரு கக்கூசு கட்னாரு. அந்த சந்தோசத்துல நேத்து பூச போட்டோம்" என்றார் அந்த அம்மா. பழைய கல் ஒன்று சும்மா கிடந்ததாம், கொத்தனார் அதையே செதுக்கி மூடியாக்கிவிட்டாராம்.

காலடியில் இருந்த தொட்டிக்குள்ளேயே குதித்துவிடலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதுவரை ஓயாத வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அதற்குள் அந்த அம்மா உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். முதல் டம்ளரை என்னிடம்தான் நீட்டினார். வெயிலில் வந்திருக்கிறேனாம்.

படகில் திரும்பும்போது நித்யாவின் அப்பா கரையையே பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணம் கைவிட்டுப் போயிற்று என்று நான் முடிவுகட்டிவிட்ட நேரத்தில், "உங்க கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். வேண்டினது வேண்டினதுதான்" என்றார்.

நடந்தது. இன்றும் எங்கள் தெருவில் கழிவுநீர் லாரி நுழைந்தால் மாமா எழுந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார். வருகிற விருந்தாளிக்கெல்லாம் கதையைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். நெற்றிப் புடைப்பைக்கூட விடமாட்டார். கருவாட்டை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த இடம் வரும்போது என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, நேராக மோருக்குப் போய்விடுவார்.