அமாவாசைக்கு முதல் ராத்திரி என் காதில் விழுந்தது என்ன?

திருவள்ளூர்
18-10-1974

மதுராந்தகம் ஸ்ரீ உ.வே. ராமானுஜம் ஸ்வாமிக்கு, யதிராஜன் தண்டனிட்டு எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதத்தான் ஆசை. மூன்று நாளாக யாரும் தூங்காததால், உயிரோடிருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தங்கள் க்ஷேமத்துக்குப் பதில் போடவும். போடுவீர்களா என்பதுதான் என் கவலையே.

மகாளய அமாவாசைத் தர்ப்பணத்துக்கு முதல் நாளே வந்து எங்கள் அகத்தில் தங்கிய தாங்கள், குளக்கரையில் காரியம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறிவிட்டீர்கள். நேற்று கார்டு வந்தது. ‘குறி சொல்லுகிற குடும்பத்தில் பெண் எடுப்பதற்கில்லை’ என்று ஒரே வரி. என் பெண் அரவிந்தவல்லி அதைப் படித்துவிட்டு, கார்டை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. என் அகத்துக்காரி ஹேமாம்புஜம் அவளுக்கும் சேர்த்துத் திட்டிவிட்டாள், அது வேறு விஷயம்.

ஸ்வாமி, நான் குறி சொல்பவன் அல்ல. முன்சீப் கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து, கண்ணால் கண்ட சாட்சியைக்கூட நம்பாமல் பழகியவன். புரட்டாசி, ஐப்பசியில் வடக்கேயிருந்து உள்ளான்களும் வாத்துகளும் ராத்திரியில் பறந்து வந்து பூண்டி ஏரியிலும் பழவேற்காட்டிலும் இறங்குகின்றன. இருட்டில் ஒன்றும் தெரியாது. குரலைக் கேட்டு, இத்தனை மணிக்கு இத்தனை என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். பழைய கிராமபோன் குழலைக் காதில் வைத்தால் நன்றாகக் கேட்கும். நான் செய்த குற்றம் இவ்வளவுதான்.

அன்று ராத்திரி தெரு கொள்ளாமல் யாத்திரிகர்கள் படுத்திருந்தார்கள். மாடியில் எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. கீழே குழந்தை அழுகிறது, ஒருவர் இருமுகிறார், காக்களூர்ப் பக்கத்துப் பட்டறையில் விடாமல் சம்மட்டி அடி. ஒரு மணி சுமாருக்கு முதல் உள்ளான் குரல் கேட்டதும் என்னை மறந்து “வந்தாச்சு! வந்தாச்சு!” என்று கத்திவிட்டேன். வாசலில் படுத்திருந்த கன்னியம்மா என்கிற ஊத்துக்கோட்டைக்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

“யாரு சாமி வந்துகிறாங்க?”

“வருஷா வருஷம் இந்த நாளுக்கு வரவாதான். பேசாம படு.”

பித்ருக்கள் வரும் ராத்திரி. வானத்துக்கு நேரே குழலைப் பிடித்துக்கொண்டு ஒருவன் இப்படிச் சொன்னால் அவள் வேறு என்னதான் நினைப்பாள்? ஐந்து நிமிஷத்தில் மாடிப்படி முழுக்க ஜனம்.

“எங்க நைனா வந்துகினாரா, கேட்டுச் சொல்லு சாமி!” என்றாள் கன்னியம்மா.

“எம் மாமியாரு வந்தா மட்டும் நான் ஊர்ல இல்லேன்னு சொல்லிடு சாமி, பேஜாரு புடிச்ச பொம்பள,” என்றார் பின்னால் நின்ற பச்சையப்பன் என்பவர்.

விரட்டினால் கூச்சல் வரும், கூச்சலில் உள்ளான் குரல் போய்விடும். ஆகையால் ஒவ்வொருவரிடமும் “வந்தார், சௌக்கியமா இருக்கார், போய்ப் படு” என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்துத்தானா தாங்கள் தூக்கம் கலைந்து மேலே வரவேண்டும்!

வீரராகவப் பெருமாள் ஆணையாகச் சொல்கிறேன்: செத்தவர்கள் யாரும் என்னிடம் பேசியதில்லை, பேசப்போவதுமில்லை. என் காதில் விழுந்ததெல்லாம் பறவைக் குரல். குழலைப் பரணில் போட்டாயிற்று. என் பைத்தியத்துக்காகக் குழந்தையின் கல்யாணம் நின்றுபோனால் என்னால் தாங்க முடியாது. தபால்காரரை ஒரு நாளைக்கு மூன்று தரம் வழிமறிக்கிறேன். அவர் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார்.

மாமிக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு, அப்படி எழுதலாமோ கூடாதோ, அநேக ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அடியேன் யதிராஜன்

பின்குறிப்பு: ஜனமெல்லாம் இறங்கிய பிறகு தாங்கள் மட்டும் படியில் நின்று, “எங்கப்பா வந்தாரா?” என்று என் காதோடு கேட்டீர்கள். நான் அப்போது குழலைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். இப்போது நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று பத்துக்கு வந்திருக்கிறார். தையிலேயே முகூர்த்தம் வைக்கச் சொன்னார்.