ஐந்து முட்டைகளும் ஒரு நோட்டீசும்

உயிர்ப்பயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பேரன் பேத்தி எடுத்துவிட்ட பிறகு இதைச் சொல்ல வெட்கமில்லை. இருபத்திரண்டு வயதில் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். வலங்கைமான் பக்கத்தில் ஒரு வயல்வரப்பில் அது வெளியே வந்துவிட்டது.

அப்போது நான் தாலுகா ஆபீசில் புது கிளார்க். குத்தகைச் சட்டங்கள் வந்து, நிலக்காரரும் சாகுபடி செய்கிறவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்ற காலம். குறுவை முற்றி நின்ற ஒரு வயலை யார் அறுப்பது என்று தகராறு. "விசாரணை முடியும்வரை யாரும் அறுக்கக் கூடாது" என்ற நோட்டீசை அங்கே போய்ப் படித்துக்காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. (போகவேண்டிய அதிகாரிக்கு அன்றைக்குப் பார்த்து வயிற்றுப்போக்கு.)

தெம்பு வேண்டுமே என்று காலையில் மெஸ்ஸில் ஐந்து அவித்த முட்டை சாப்பிட்டேன். வழக்கமாக இரண்டுதான். கை கழுவிவிட்டு ஆபீஸ் போனால், ஹெட் கிளார்க் ஒரு வாரப் பத்திரிகையை விரித்துவைத்திருந்தார்.

"தம்பி, காலையில முட்டை திங்கிறது கெடுதலாம். மஞ்சக்கரு இருதயக் குழாயை அடைச்சுக்குமாம். நெஞ்சு படபடன்னு அடிக்குமாம், வேர்க்குமாம், அப்புறம் ஆளு பொட்டுன்னு போயிடுவானாம்."

"எத்தனை சாப்பிட்டா சார்?"

"அதைப் போடலை. நீ ஏன் கேக்குற?"

சைக்கிளில் எட்டு மைல். ஒரு கை ஹாண்டில்பாரில், ஒரு கை நெஞ்சில்.

வயலில் ஒரு வரப்பில் நிலக்காரர் வைத்திலிங்கம், தடியோடு பத்துப் பேர். எதிர் வரப்பில் குத்தகைக்காரர் மாரிமுத்து, அரிவாளோடு பத்துப் பேர். நடுவில் நான். படிக்க ஆரம்பித்ததும் நெஞ்சு படபடத்தது. பிறகு வேர்த்தது. பத்திரிகையில் போட்ட வரிசைப்படியே வருகிறதே என்று நடுங்கிப்போனேன். (அத்தனை அரிவாளைப் பார்த்தால் யாருக்கும் படபடக்கும் என்பது தோன்றவே இல்லை.)

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? படிங்க" என்றார் வைத்திலிங்கம்.

"முட்டை..." என்றேன். "அம்மாகிட்ட சொல்லிடுங்க." அப்படியே சேற்றில் சாய்ந்துவிட்டேன்.

"சார் போயிட்டாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நானும் நம்பினேன்.

"ஐயா, தலைப்பக்கம் நீங்க பிடிங்க. காலை நான் பிடிச்சுக்கறேன்" என்றார் மாரிமுத்து. இருவருமாக என்னைத் தூக்கி, வாய்க்காலில் இறங்கி ஏறி, வைத்திலிங்கத்தின் வில்வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். சொன்னேன்.

"முட்டை நல்லதுதான். உங்க இருதயமும் நல்லா இருக்கு. அஞ்சு முட்டையை ஒரேயடியாத் தின்னுட்டு வெயில்ல சைக்கிள் மிதிச்சா வாயு பிடிக்கத்தான் செய்யும். மீதி அத்தனையும் பயம்."

ஒரு ஏப்பம் வந்தது. அத்தோடு நான் பிழைத்தேன்.

வெளியே பெஞ்சில், என் சாவுச் செய்திக்குக் காத்திருந்த நேரத்தில், அவர்கள் இருவரும் பேசி முடித்திருந்தார்கள். மழைக்கு முன்னால் சேர்ந்து அறுப்பது, நெல்லைப் பொதுக்களத்தில் போட்டுவைப்பது, பங்கை விசாரணையில் பார்த்துக்கொள்வது. நோட்டீசின் மீதியை யாரும் கேட்கவே இல்லை.

இந்தக் கதையை நானேதான் என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கும் வீட்டில் மகனும் மருமகளும் குரலை உயர்த்தினால், அவள் அடுப்படியிலிருந்தபடியே சொல்வாள்:

"என்னங்க, சத்தம் ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுங்களேன்."