நீலத்துக்கு ஓடினேன், மஞ்சள் அகப்பட்டது

"பாப்பா நீலமாகிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். யாரும் போன் செய்ய வேண்டாம்."

ஆடி முதல் செவ்வாய்க்கிழமை காலை, குடும்ப வாட்ஸாப் குழுவில் நான் அனுப்பிய செய்தி இது. (உடனே எல்லோரும் போன் செய்தார்கள்.) மானம் போகிறது, அழித்துவிடு என்று இன்றும் சொல்கிறார்கள். அழிக்க மாட்டேன்.

பிறந்த குழந்தையைப் பழைய துணியில்தான் சுற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மும்பையிலேயே பாண்டுப்பிலிருந்து பிரசவத்துக்கு உதவ வந்திருந்த என் அக்கா, நைந்த வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து வைத்திருந்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் மகளுக்குப் பழைய துணியா? உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் பட்டறையில் வேலை செய்யும் மைத்துனன் புத்தம் புதிய நீலத்துணி ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். எண்ணெய் தேய்த்த பிள்ளையை அதில் சுற்றி, தாராவி வீட்டின் டியூப்லைட் வெளிச்சத்தில் நானே கிடத்தினேன்.

காலையில் பிரித்தால் கை, கால், வயிறு எல்லாம் நீலம்.

"ஏல, குளிருல பிள்ளைக்குக் கை காலு அப்பிடித்தாம்ல இருக்கும்" என்றாள் அக்கா.

"வயிறுமா?" என்று கத்திவிட்டுப் பிள்ளையைத் துணியோடு அள்ளிக்கொண்டு ஓடினேன். என் மனைவி செல்வியும் அக்காவும் ஆட்டோவில் தாவி ஏறினார்கள். வழியெல்லாம் அழுது, துணியைப் பிடித்திருந்த கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரி வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேஷண்ட் கோன் ஹை? தும் யா பச்சா?" நோயாளி நானா குழந்தையா என்று அவருக்கு உண்மையிலேயே சந்தேகம்.

மாதுங்காத் தமிழரான டாக்டரம்மா முதலில் பாப்பாவின் உதட்டையும் நாக்கையும் பார்த்தார். மூச்சைக் கவனித்தார். பிறகு பஞ்சில் எண்ணெய் தொட்டுக் காலைத் துடைத்தார். நீலம் பஞ்சுக்குப் போயிற்று.

"அப்பாவும் நீலமா இருக்காரே, பரம்பரையோ?"

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சிரிக்காதேள். உதடு, நாக்கு நீலமானா இப்படித்தான் ஓடி வரணும். யோசிச்சிண்டு நிக்கப்படாது" என்றவர், "கொழந்தையை ஜன்னல்கிட்ட கொண்டு வாங்கோ" என்றார்.

பகல் வெளிச்சத்தில் நெற்றியை, மார்பை, காலை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடமெல்லாம் மஞ்சள்.

"அது செல்விக்குப் பூசுன மஞ்சள்லா, ஒட்டியிருக்கு" என்றாள் அக்கா. குளிப்பாட்டும்போது தாய்க்கு அரைத்துப் பூசிய மஞ்சள் என்றுதான் நாங்கள் மூவரும் நம்பியிருந்தோம்.

"கண்ணுக்குள்ளயுமா பூசினேள்?"

அக்கா குனிந்து பார்த்தாள். வெள்ளை விழியும் மஞ்சள்.

"பால் நன்னாக் குடிக்கறாளா?"

"தூங்கிக்கிட்டே கெடக்கா டாக்டர். எழுப்பினாலும் ரெண்டு இழுப்புதான்" என்றாள் செல்வி. "சமத்துப் பிள்ளைன்னு நெனைச்சோம்."

ரத்தம் எடுத்தார்கள். காமாலை ஏறியிருந்தது. அன்றே சேர்த்து, காமாலையைக் குறைக்கும் விளக்கொளியில் படுக்க வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் மூளையைப் பாதித்திருக்கலாம் என்று டாக்டரம்மா தனியே சொன்னார். நீலம் மட்டும் இல்லையென்றால், காமாலை என்று தெரிந்தாலும் வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே இருந்திருப்போம். அந்த மழையில் வெயிலுக்கு எங்கே போவது?

பாப்பா பசித்து வீறிட்டு அழுத அன்று செல்வியும் சேர்ந்து அழுதாள். சமத்து போய்விட்டதே என்ற சந்தோஷம்.

உறவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், "அத்தான் வாராரு, நீலத்துணியெல்லாம் ஒளிச்சு வைங்க" என்கிறான் மைத்துனன். சிரிக்கட்டும். நான் போய்ப் பிள்ளையை ஜன்னலோரம் தூக்கிக் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பேன். சந்தேகம் வந்தால் மறுபடியும் ஓடுவேன், முகம் எந்த நிறத்தில் இருந்தாலும்.

எல்லாவற்றுக்கும் தேதி குறிப்பவன் நான். ஆனால் மஞ்சள் எந்த நாளில் தொடங்கியது? ஞாயிறு என்கிறாள் செல்வி. சனிக்கிழமையே என்கிறாள் அக்கா. பூசிய மஞ்சள்தானே என்று நான் நாள் பார்க்கவே இல்லை. அந்த நாள் இன்றுவரை உறுதிப்படவில்லை.