ஆர்வித்தின் பஞ்சுச் சுவரும் மூன்றாம் உபசாரமும்

ஆர்வித் டோர்கெல்சன் அந்தச் சபதத்தைச் செய்தது ஒரு சனவரி மாதத்து வியாழக்கிழமை மாலையில், வண்டிக்கொட்டகையில், ஓடாமல் நின்ற தன் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு. மினசோட்டாவின் வடகோடியில் அன்று குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது. கால்மேல் இரண்டு கம்பளி, தலையில் காதுமூடித் தொப்பி, மடியில் விறைத்துப்போன சாண்ட்விச். வண்டி வானொலியில் ஹாக்கி ஆட்டத்து வர்ணனை. வீட்டுக்குள் அறுபது அங்குலத் தொலைக்காட்சி இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கும் நாற்காலிக்கும் நடுவில், பியானோவைச் சூழ்ந்து, லூத்தரன் தேவாலயப் பாடற்குழுப் பெண்கள் அறுவர் நின்று பாடிக்கொண்டிருந்தனர். அறுவரில் ஒருத்தி அவன் மனைவி மார்லிஸ். வியாழன்தோறும் பயிற்சி. பதினோரு ஆண்டுகளாக அவர்கள் உள்ளே. பதினோரு ஆண்டுகளாக இவன் வண்டிக்குள்.

"போதும்," என்றான் ஆர்வித், ஸ்டியரிங்கைப் பார்த்து.

வெறும் சிமெண்டுச் சுவரும் ஊறுகாய்ப் பாட்டில்களுமாகக் கிடந்த நிலவறையைத் தன் கையாலேயே குடும்ப அறை ஆக்குவது. தொலைக்காட்சியை அங்கே இறக்குவது. மேலே பாடுவது கீழே வராமலும், கீழே கத்துவது மேலே போகாமலும் சுவரெல்லாம் பஞ்சால் மூடுவது. இதுவே சபதம்.

இக்கதை அவ்வூரில் இரண்டு பாடங்களாக வழங்குகிறது. ஆர்வித் சொல்லும் பாடத்தில் இது ஒரு கட்டுமானச் சாதனை. மார்லிஸ் சொல்லும் பாடத்தில் இது ரொட்டி மாவின் கதை. இரண்டிலும் நடந்தது ஒன்றே. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதில்தான் பேதம்.

பாடகிகள் போனதும் சமையலறைக்குள் வந்து அறிவித்தான்.

"மார்லிஸ், பேஸ்மென்ட ரூமாக்கி முடிக்கப் போறேன்."

"முடியேன்."

"ஆள் வச்சு இல்ல. நானே."

"ம்."

"சுவர் பூரா பலகை அடிச்சு, உள்ள பாறைப் பஞ்சு அடைச்சு, மேல கோணித்துணி இழுத்துக் கட்டினா, ஒரு பொட்டுச் சத்தம் வெளிய வராது."

"வித்தியாசமாத்தான் இருக்கும்," என்றாள் மார்லிஸ்.

அந்தப் பக்கத்தில் இதைவிடக் கடுமையான வசவு கிடையாது. ஆர்வித் தாங்கிக்கொண்டான்.

"உன் குறட்டையும் வெளிய வராதா?"

"வராது."

"அப்ப சீக்கிரம் முடி."

மறுநாளே வேலை தொடங்கிற்று. துணைக்குப் பக்கத்து வீட்டு டுவேன். எல்லாம் அறிந்தவன், எதையும் முடித்தறியாதவன். நாலடிக்கு இரண்டடியில் பைன் மரச் சட்டங்கள். அவற்றுக்குள், பாறையை உருக்கி நூற்ற இரண்டங்குலப் பாறைப் பஞ்சு. மேலே டுவேனின் அண்ணன் பண்ணையிலிருந்து வந்த உருளைக்கிழங்குச் சாக்கு. பஞ்சின் பொடி பட்டு இருவரும் இரவு பகலாகச் சொறிந்துகொண்டனர், சொறிந்துகொண்டே சிரித்தனர். ஆர்வித்துக்கு ஐம்பத்தெட்டு வயது. முதன்முதலாக மிதிவண்டி வாங்கிய சிறுவனைப் போல் விடியுமுன் எழுந்து படியிறங்கினான்.

இப்படிச் செய்த பலகைகள் அவன் கணக்கில் இருபத்து நான்கு. மார்லிஸின் கணக்கில் இருபத்திரண்டு. விழுந்தவற்றை அவள் சேர்ப்பதில்லை. கடைசிப் பலகைக்குப் பஞ்சு போதவில்லை. வண்டிக்குள் கிடந்த இரண்டு கம்பளிகளையும் எடுத்து வந்தான், கத்தரித்தான், உள்ளே திணித்தான்.

"ரெண்டையுமா?" என்றான் டுவேன்.

"இனிமே எனக்கு அது எதுக்கு?" என்றான் ஆர்வித்.

பிறகு நடு அறையில் நின்று கை தட்டினான். முன்பெல்லாம் அங்கே தட்டிய சத்தம் சுவருக்குச் சுவர் பந்தாடிவிட்டுத் திரும்பி வரும். இப்போது தட்டிய இடத்திலேயே விழுந்து உயிரை விட்டது.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல."

"அதத்தான் கேக்கச் சொன்னேன்."

இருவருக்கும் கண் கலங்கிற்று. பஞ்சுப் பொடியும் ஒரு காரணம்.

பலகையெல்லாம் மூடிய பின்னும் கூரையோரம் ஓடிய தகரக் குழாய் ஒன்று மட்டும் மூடப்படாமல் இருந்தது. கணப்பு உலையின் வெங்காற்றை மேலே சமையலறைக்குக் கொண்டுபோகும் குழாய். அது திறக்கும் தரைச் சல்லடைமேல்தான் மார்லிஸ் ரொட்டி மாவுச் சட்டியைப் பொங்குவதற்கு வைப்பாள். வெள்ளிக்கிழமை மட்டும் ரொட்டி சுடுபவள், வேலை நடந்த ஆறு வாரமும் நாள்தோறும் சுட்டாள். ஆர்வித் மூன்று கிலோ ஏறினானே ஒழிய, காரணம் கேட்கவில்லை.

டுவேனுக்கு ஒரு கவலை வந்தது.

"ஏன்ப்பா, இவ்வளவு அழகா ரூம் கட்டிட்டு அந்தப் பொம்பளைங்கள ஒரு வார்த்தை கூப்பிடலன்னா ஊர் என்ன சொல்லும்?"

"கூப்பிடத்தான் போறேன்."

"இங்கயா?"

"ரெண்டு தரம் கூப்பிடுவேன். ரெண்டு தரமும் வேண்டாம்பாங்க. மார்லிஸ் மானஸ்தி, அவளும் வேண்டாம்பா. ரெண்டோட நிறுத்திக்குவேன். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, ரூமுக்கு ரூமும் ஆச்சு."

அவ்வூர் முறை அப்படி. காபியானாலும் சரி, படுக்க இடமானாலும் சரி, முதல் உபசாரம் வெறும் வணக்கம், இரண்டாவது பண்பாடு, இரண்டையும் மறுப்பவரே நல்ல குடியில் பிறந்தவர். மூன்றாவது சொன்னால் அது வாக்கு. அதை மறுக்கவும் ஆகாது, திரும்பப் பெறவும் ஆகாது.

"நானும் டோரீனை ரெண்டு தரம் கேட்டுட்டு நிறுத்தியிருக்கலாம்," என்று தன் மனைவியை நினைத்து டுவேன் பெருமூச்சு விட்டான்.

"அதுலயும் அந்தக் குழுத்தலைவி ஆர்டிஸ் குரல் இருக்கே. எண்ணெய் போடாத இரும்புக் கேட்டு. பதினோரு வருஷம் வண்டிக்குள்ளயும் கேட்டுச்சுப்பா," என்றான் ஆர்வித்.

மேலே மாவு பொங்கிக்கொண்டிருந்தது.

மார்ச்சு மாதத்து முதல் வியாழன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஊர்ப் பள்ளி ஹாக்கி அணி மாநிலக் கால் இறுதியில் ஆடுகிறது. ஏழு மணிக்கு ஆட்டம். தொலைக்காட்சி நிலவறைச் சுவரில் எட்டுத் திருகாணிகளில் தொங்குகிறது. ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆர்வித் கூடத்துக்குள் வந்தான். பெண்கள் காபி குடித்துக்கொண்டிருந்தனர். குழுத்தலைவி ஆர்டிஸின் காலடியில் ஒரு கையடக்க மின்பியானோ பையோடு கிடந்தது. பியானோ இருக்கும் வீட்டுக்கு அதை எதற்குச் சுமந்து வந்தாள் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

"கீழ ரூம் தயாராயிடுச்சு," என்றான். "நீங்க எல்லாரும் அங்கயே வந்து பாடலாமே."

"ஐயய்ய, வேண்டாங்க," என்றாள் ஆர்டிஸ். "ஆசையா கட்டின ரூம். நாங்க எதுக்கு?"

ஒன்று.

"அட, இடம் தாராளமா கெடக்கு. வாங்க."

"வேண்டாம் ஆர்வித்," என்றாள் மார்லிஸ். "உனக்கு ஆட்டம் இருக்கு. நீ போய்ப் பாரு."

இரண்டு.

ஆர்வித்தின் நெஞ்சுக்குள் வெற்றிக் கொம்பு ஊதிற்று. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு திரும்பினான். முதல் படியில் கால் வைத்தான். இரண்டாம் படியில் கால் வைத்தான்.

"நல்லவேளை தப்பிச்சோம்," என்று ஆர்டிஸிடம் சொன்னாள் மார்லிஸ். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "அங்க போய்ப் பாடினா பாட்டே கெட்டுடும். ஒரே எதிரொலி."

ஆர்வித் நின்றான்.

"எதிரொலியா?"

"நீ போப்பா, நேரமாச்சு."

"எதிரொலின்னு சொன்னியே?"

"அது... கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு."

"நானும் டுவேனும் கை தட்டிப் பாத்தோம்."

"ரெண்டு ஆம்பளைங்க கை தட்டறதும் ஆறு பேர் நாலு குரல்ல பாடறதும் ஒண்ணா? மேல் ஸ்தாயிக்கு எல்லாம் சாக்கு தாங்குமா? பாவம், உன்னால முடிஞ்சத செஞ்ச. சிமெண்டு சிமெண்டுதான."

"தாங்காதா? இருபத்து நாலு பலகை, மார்லிஸ். ரெண்டங்குலம். ஊசி விழுந்தாலும் ஊசிச் சத்தம் மட்டும்தான் கேக்கும். வாங்க. எல்லாரும் இப்பவே கீழ வாங்க, நின்னு பாடுங்க, அப்புறம் பேசுங்க."

ஆர்டிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுடைய மூன்றாம் விரல் மெல்ல மடங்கியதை ஆர்வித் பார்த்தான். பார்த்த பிறகுதான் எண்ணினான்.

"சரி," என்றாள் மார்லிஸ். "இவ்வளவு தூரம் சொல்ற. மறுத்தா நல்லா இருக்காது."

மின்பியானோ அவனுக்கு முன்னால் படியிறங்கிற்று.

முதற்பாட்டு முடிந்ததும் ஆர்டிஸ் சுவரைத் தடவிக்கொடுத்தாள். "ஒவ்வொரு எழுத்தும் தெளிவா விழுது. அருமையான வேலை, ஆர்வித். ஈஸ்டர் வரைக்கும் இங்கதான்." எந்த ஆண்டின் ஈஸ்டர் என்று அவள் சொல்லவில்லை; இங்கே சிரிக்க வேண்டும் என்பதில் மட்டும் இரு பாடங்களும் ஒத்துப்போகின்றன.

ஆர்வித் மேலே வந்தான். கூடத்தில் தொலைக்காட்சி இருந்த இடம் காலியாக இருந்தது. வண்டி வானொலி இருந்தது, கம்பளிகள் இல்லை. வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே ஏழு காட்டிற்று. சமையலறைக்குப் போய், கால் காய்வதற்காக, மாவுச் சட்டியை நகர்த்திவிட்டுச் சல்லடையருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

அப்போது கேட்டது. பாட்டன்று, பேச்சு. மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசுவது போல.

"'ரெண்டோட நிறுத்திக்குவேன்'னு டுவேன்கிட்ட சொல்றான்," என்றது மார்லிஸின் குரல். அறுவரும் சிரித்தனர்.

பஞ்சு எதிரொலியைத் தின்னும். வெளியேறும் ஒலியைத் தடுக்காது. எதிரொலி ஒழிந்த அறையிலிருந்து வரும் சொல் முன்னைவிடத் தெளிவாகவே வரும், வழிவிட ஒரு குழாய் இருந்தால் போதும். இந்த அறிவு ஆர்வித்துக்கு அந்த நாற்காலியில், உள்ளங்கால் வழியாக ஏறிற்று. ஆறு வாரம் கீழே உட்கார்ந்து தான் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். மாவுச் சட்டியைப் பார்த்தான்.

"எண்ணெய் போடாத கேட்டுன்னு சொன்னது என்னையா?" என்று ஆர்டிஸ் கேட்டது துல்லியமாக ஏறி வந்தது.

ஆர்வித் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு நகர்த்தினான்.

"ஆர்வித்," என்று சல்லடைக்குள்ளிருந்து மார்லிஸ் அழைத்தாள், சாதாரணக் குரலில். "அங்க நல்லாக் கேக்குதா? அப்ப காபி கொண்டு வா. ஆறு கப். நான் ஒரு தரம்தான் சொல்வேன்."